ரெய் சிரிக்க மாட்டாள்

ரெய் அயனாமி சிரிக்க மாட்டாள். 1995இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்' தொடரில் வரும் நீலமுடிப் பெண் அவள். மனதில் ஓடுவது எதுவும் லேசில் முகத்துக்கு வந்துவிடாது. அவளாக வேடம் கட்டி நிற்பவரிடம் போய், கல்யாண வீட்டுப் பழக்கத்தில் "கொஞ்சம் சிரிங்க" என்று கேட்டால், நீல விக் வைத்த ஓர் அழகான பெண்ணின் படம் கிடைக்கும். ரெய் கிடைக்க மாட்டாள். அந்த உடையைப் பார்த்துப் பார்த்துத் தைத்தவர் அதற்காகத் தைக்கவில்லை.

இப்படி வேடம் கட்டும் காஸ்பிளேயைப் படம் எடுக்க வருகிறவர்கள் என்ன லென்ஸ் வாங்கலாம் என்று என்னிடம் கேட்பார்கள். தொடரைப் பாருங்கள் என்பேன். 'அட்டாக் ஆன் டைட்டன்' லீவை ஒரு வாளைத் தலைகீழாகப் பிடிப்பான். அந்தப் பிடியும் கைமுட்டியும் சட்டகத்துக்குள் இல்லாவிட்டால் அவன் பாதிதான் வந்திருக்கிறான். 'டீமன் ஸ்லேயர்' நெசுகோவின் வாயில் மூங்கில் கட்டியிருக்கும். அவளுடைய கோபம், பாசம் எல்லாம் கண்ணில் மட்டும்தான். அங்கே ஃபோகஸ் இமைமுடியில் பிடித்தால் போதாது, விழியிலேயே நிற்க வேண்டும்.

நான் அதிகம் எடுப்பது டோக்கியோ காமிக் மார்க்கெட்டில். ரசிகர்கள் தாங்களே வரைந்து அச்சிட்ட இதழ்களை விற்க 1975 டிசம்பரில் தொடங்கிய சந்தை அது. 1996 முதல் அரியாகேயின் பிக் சைட் வளாகத்தில், பெரும்பாலும் ஆகஸ்டிலும் டிசம்பரிலும் கூடுகிறது. அதன் உயிர் இன்றும் உள்ளே இருக்கும் இதழ் மேசைகளில்தான். வேடக்காரர்களுக்கென்று தனித் திடல்கள் உண்டு. வீட்டிலிருந்தே வேடத்தோடு வரக் கூடாது. அங்கேயே உடைமாற்றும் அறையில் மாற்றிக்கொண்டு, போகும்போது கலைத்துவிட்டுப் போக வேண்டும். எனவே என் முன்னால் நிற்பவர் பெட்டியை இழுத்துக்கொண்டு ரயிலில் வந்து, வரிசையில் காத்திருந்து, விக்கைப் பொருத்தி, கண்ணில் கான்டாக்ட் லென்ஸ் போட்டு, இதற்குள் பாதி களைத்தவர். அவருடைய நேரத்தை வீணாக்க எனக்கு உரிமை இல்லை.

கேட்காமல் எடுப்பது கிடையாது. அவர் முன்னால் வரிசை நிற்கும். நம் முறை வந்ததும் தலைதாழ்த்தி "ஒனெகாய்ஷிமாஸ்" என்போம். சில படங்கள், ஒரு நன்றி, நகர்ந்துவிட வேண்டும். கூட்டம் பெருத்தால் வரிசை கலைந்து வட்டமாகிவிடும்; திசைக்கு ஒருவராக "மெசென், மெசென்" என்று பார்வையைக் கேட்பார்கள். கடைசியில் யாராவது பத்திலிருந்து கீழே எண்ணி முடித்து வைப்பார்கள். எனக்கு வட்டம் பிடிக்காது. அதில் கண்கள் ஆளுக்கு ஆள் தாவுகின்றன, பாத்திரம் கலைகிறது. எவ்வளவு நீளமானாலும் வரிசையில்தான் நிற்பேன்.

நிற்கும் நேரத்தில்தான் பாதி வேலை நடக்கிறது. ஆகஸ்ட் நண்பகல் வெயில் உச்சந்தலையில் இறங்கும். அனிமே விக்கின் முன்முடி கூரைபோல் நீண்டிருப்பதால் கண்குழி இருண்டுவிடும். வேடக்காரரை நிழலின் ஓரத்துக்கு அழைத்து, வெயில் விழும் வெளிர் கான்கிரீட் தரையைப் பார்த்து நிற்கச் சொன்னால், தரையே ஒளியைத் திருப்பிக் கண்ணுக்குள் அனுப்பும். அதற்கு இடமில்லாதபோது வெயிலை அவர் முதுகுப்பக்கம் வைத்து ஃப்ளாஷ் கொடுக்கிறேன். இங்கே ஒரு கணக்கு உண்டு. அந்த வெயிலில் எஃப் 2.8, ஐஎஸ்ஓ 100 என்று வைத்தால் ஷட்டர் 1/3200 வரை ஓட வேண்டும். சாதாரண ஃப்ளாஷ் பெரும்பாலான கேமராக்களில் 1/250 வரைதான் ஒத்துப்போகும், மீறினால் படத்தில் கருப்புப் பட்டை விழும். ஆகவே அந்த எல்லைக்கு மேலும் ஃப்ளாஷை ஒத்துப்போக வைக்கும் ஹை ஸ்பீடு சிங்க், அல்லது லென்ஸ் முன்னால் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர். இளஞ்சிவப்பு விக் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை ஏமாற்றும் என்பதால் நிற அளவையும் கையால் பூட்டிவிடுவேன். எல்லாவற்றையும் என் புறங்கையைப் படமெடுத்துச் சரிபார்த்தபின்தான் அவர் முன்னால் போய் நிற்பது.

அனிமே கண்ணில் எப்போதும் ஒரு வெள்ளைப் பொட்டு வரைந்திருப்பார்கள். நிறமூட்டிய கான்டாக்ட் லென்ஸில் அந்தப் பொட்டு தானாக வராது. ஒளிதான் வைக்க வேண்டும். ஃப்ளாஷைச் சற்று மேலே தூக்கிப் பிடித்தால் விழியின் மேற்பகுதியில் வந்து உட்காரும். நிழலும் அப்படித்தான். பழைய செல் அனிமேஷனில் பெரும்பாலும் ஒரு நிறம், அதற்கு ஒரு நிழல் நிறம், நடுவில் கத்தியால் வெட்டியதுபோல ஒரு கோடு. முகப்படம் என்றாலே மென்மையான ஒளி என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வாளேந்திய பாத்திரத்துக்கு அது பொருந்தாது. கன்னத்தில் கூரான நிழல் விளிம்பு விழும்படி கடுமையான ஒளி கொடுத்துப் பாருங்கள், வரைபடம் உயிரோடு எழுந்துவிடும்.

அனிமே உருவங்களுக்குக் கால் நீளம். கேமராவைத் தாழ்த்தினால் அந்த நீளம் கிடைக்கும். ஆனால் கண்காட்சியில் கேமராவைத் தாழ்த்துகிறவனைச் சந்தேகிப்பது நியாயம். அப்படித் தாழ்ந்த கேமராக்களால் பெண்கள் பட்ட தொல்லை கொஞ்சமல்ல. நான் பின்னால் தள்ளிப்போய், 85 மில்லிமீட்டர் லென்ஸில் இடுப்பு உயரத்திலிருந்து எடுக்கிறேன். அதற்கும் கீழே போவதென்றால் என்ன எடுக்கப்போகிறேன் என்று சொல்லி, அவர் தலையசைத்தபின்தான். எடுத்தவுடன் கேமராவைத் திருப்பித் திரையைக் காட்டுவேன். வேண்டாம் என்றால் அவர் கண்முன்னாலேயே அழிப்பேன்.

முழு உருவம் முடிந்ததும் கைவேலைக்கு வருவேன். கவசம் என்றால், ஈவிஏ ஃபோமை ஹீட் கன்னால் வளைத்து, ஒட்டி, உலோகச் சாயம் பூசி, ஓரங்களில் வேண்டுமென்றே தேய்மானம் வரைந்திருப்பார்கள். அந்தத் தேய்மானம் பக்கவாட்டு ஒளியில்தான் தெரியும். "இது எந்தப் போரில் பட்ட கீறல்?" என்று கேட்டால் முகம் மலர்ந்து அத்தியாயம் சொல்வார்கள். அந்த மலர்ச்சியையும் ஒரு படம் எடுத்துவிடுவேன். அதில் இருப்பது பாத்திரம் அல்ல, அதைச் செய்தவர்.

இரவு அறைக்குத் திரும்பியதும் பின்னணியில் சிக்கிய அந்நியர் முகங்களை மங்கலாக்குவேன், நெற்றியில் தெரியும் விக் வலையைத் திருத்துவேன். சருமத்தைத் தொட மாட்டேன். அது அவர் ஒப்பனை, அவர் தீர்மானம். பிறகு அவர் கொடுத்த அட்டையில் உள்ள முகவரிக்கு அனுப்புகிறேன். முதலில் சிரிக்காத ரெய். தன் கைவேலையைச் சொல்லிச் சிரித்தவருடைய படம் தனி மடலில், வெளியிடுவதா வேண்டாமா என்பதை அவருக்கே விட்டு.