லாயத்து வாசலில் நின்றவர்கள்

சில வருடங்களுக்கு முன்பு ஒரு நகரத்தின் குதிரைப் பந்தயத் திடல் வாசலில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கும் வேலையில் அப்போது இருந்தேன். ஏழாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு பையனின் அப்பா அங்கே சைஸ், அதாவது குதிரையைப் பராமரிப்பவர். அவருடைய கையெழுத்து வேண்டியிருந்தது. பையனின் அம்மாவும் தூக்குச்சட்டியோடு என்னுடன் வந்திருந்தார்.

காவலாளி விடவில்லை. "வெளி ஆளுங்களுக்கு அனுமதி இல்ல மேடம். குதிரைக்கு நோய் தொத்திக்கும்."

சரி என்று நின்றோம். அரை மணி நேரத்தில் ஒரு கார் வந்தது. உள்ளே இரண்டு குழந்தைகள், பை நிறைய கேரட். பெயர் கேட்கவில்லை, கை கழுவச் சொல்லவில்லை, சலாம் வைத்துக் கேட்டைத் திறந்தார். "ஓனருக்குச் சொந்தக்காரங்க" என்றார் எங்களிடம்.

அந்த அம்மா சிரித்தார். "எங்க வீட்டுக்காரரு ராத்திரி அந்தக் குதிரை பக்கத்துலதான் படுக்குறாரு. அவர் சட்டைய நான்தான் துவைக்கிறேன். என்கிட்ட இருந்து புதுசா என்ன நோய் போயிடும்?"

தோழர்களே, நோய் பயம் பொய்யல்ல. 2007இல் ஆஸ்திரேலியாவில் குதிரைக் காய்ச்சல் பரவி, நியூ சவுத் வேல்ஸிலும் குயின்ஸ்லாந்திலும் பந்தயங்கள் நின்றுபோயின. தனிமைப்படுத்தும் நிலையத்துக்கு வந்து போனவர்களின் உடல், உடை, கருவிகள் வழியாகத்தான் கிருமி வெளியேறியிருக்க வேண்டும் என்றது விசாரணை ஆணையம். அவர்கள் அனுமதி பெற்று உள்ளே போனவர்கள். கிருமி அனுமதிச் சீட்டைப் பார்ப்பதில்லை. குதிரைக்கு யாரோ மருந்து கொடுத்துவிடுவார்கள் என்ற அச்சமும் நியாயமானதே. ஆகவே லாயத்தை எல்லோருக்கும் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும் என்கிறேன்.

அது முடியாத காரியமுமல்ல. இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் ஆண்டுக்கொரு முறை பயிற்சியாளர்கள் தங்கள் லாயங்களைப் பொதுமக்களுக்குத் திறக்கிறார்கள். டிக்கெட் வாங்கிய யாரும் போய்ப் பார்க்கலாம்.

கடைகள், உணவகங்கள், பொதுக் கேளிக்கை இடங்களில் நுழைய சாதியின் பெயரால் தடை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15(2) பிரிவு. லாயம் அந்தப் பட்டியலில் வருமா என்று சட்டம் படிக்கும் நண்பர்கள் வாதிடலாம். காவலாளி எங்களிடம் சாதி கேட்கவில்லை. சாதி சொல்லித் தடுத்தார் என்று எழுதினால் அது பொய். ஆனால் யாரைக் கேட்காமலே விடலாம், யாரை நிறுத்த வேண்டும் என்று அவர் கண் பழகியிருந்தது. அந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கேள்வி.

குதிரை இந்த நாட்டில் வெறும் மிருகமல்ல. 2018இல் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் ஒரு தலித் இளைஞர் கொல்லப்பட்டார். குதிரை வைத்திருந்ததும் அதில் ஏறியதும்தான் காரணம் என்று அவர் குடும்பம் புகார் கொடுத்தது. சாணம் அள்ளலாம், உடம்பு தேய்க்கலாம், ஏறக் கூடாது. அந்தத் திடலிலும் சைஸ் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். உறுப்பினர் மாடத்தில் அவருக்கு நாற்காலி கிடையாது.

அடுத்த முறை "சுகாதாரம்", "பாதுகாப்பு" என்று சொல்லி யாரையாவது ஒரு வாசலில் நிறுத்தினால், எழுதிய விதியைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு, அது யாருக்கெல்லாம் தளர்த்தப்படுகிறது என்று அங்கேயே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

கடைசியில் அவரே வெளியே வந்தார். பேனாவைத் தொடுவதற்கு முன்பு குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். அன்றைக்கு அந்த வாசலில் கை கழுவியதாக நான் பார்த்தது அவர் ஒருவரைத்தான். பையன் மறு வாரம் பள்ளிக்குப் போனான்.