தைப்பூசத்தன்று நாங்கள் தோஹாவில் இருந்தோம்

ஓம் சரவணபவ.  கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாப் படிங்க.

2025-ஆம் வருஷத் தைப்பூசம் பிப்ரவரி 11. போன ஞாயிறு தண்ணீர்ப் பந்தல் கூட்டம் நடந்தது. வேலைகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பின்னால் இருந்து ஒருத்தர் சத்தமாகக் கேட்டார்: "அன்னிக்கு எங்கயாவது பந்து விளையாட்டு இருக்கா? அதை முதல்ல பாத்துச் சொல்லுங்கப்பா!" எல்லாரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். ஒரு வருஷமாக இப்படித்தான் சிரித்துக்கொண்டிருக்கிறோம். புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கச்சிகள் "என்ன கதை அது?" என்று கேட்டார்கள். மற்றவங்க சொன்னா கூடக் கொஞ்சம் மசாலா சேரும். அதனால் நாங்களே எழுதிவிடுகிறோம்.

நாங்கள் ஐந்து பேர். பத்துமலைக்கு நடந்து போகிறவர்களுக்கு மோர் ஊற்றுவதுதான் வருஷா வருஷம் எங்கள் வேலை. மற்ற நாள்களில் எங்களைச் சேர்த்து வைத்திருப்பது காற்பந்து. 2022 ஜூன் மாதம் புக்கிட் ஜாலில் அரங்கில் வங்காளதேசத்தை 4-1 என்று தோற்கடித்து நம் ஹரிமாவ் மலாயா குழு ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்ற ராத்திரி, ஐந்து பேரும் அங்கேதான் இருந்தோம். 1980-க்குப் பிறகு தகுதிச் சுற்று விளையாடி நாம் உள்ளே போனது அதுதான் முதல் தடவை. 2007-ல் விளையாடினோமே என்று கேட்காதீர்கள், அது உபசரணை நாடு என்பதால் கிடைத்த இடம்.

எங்களில் மூத்தவர் ஒருத்தர் இருக்கிறார், நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அப்பா 1980-ல் மெர்டேக்கா அரங்கத்தில் தென் கொரியாவை நாம் 2-1 என்று ஜெயித்து மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றதை நேரில் பார்த்தவர். கோல்கம்பத்தில் நம்ம 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம் நின்ற ஆட்டம் அது. பிறகு மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்துவிட்டது, குழு போகவே இல்லை. சாகும் வரைக்கும் அப்பா அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாராம். ஆசியக் கிண்ணக் குலுக்கலில் நம் பிரிவில் மறுபடியும் தென் கொரியா வந்ததும் அண்ணன் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "போறோம்."

விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டோம். பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட். பஞ்சாங்கம் பார்க்கவில்லை. ஆமாம், கோயில் தொண்டர்கள் ஐந்து பேர் உட்கார்ந்து தேதி குறித்தோம், ஒருத்தருக்கும் பஞ்சாங்கம் பார்க்கத் தோன்றவில்லை. வருஷக் கடைசியில் நகைக் கடைக் காலண்டர் வீட்டுக்கு வந்தபோதுதான் கடைக்குட்டித் தம்பி போன் பண்ணினான். "அண்ணே, ஜனவரி 25 வியாழக்கிழமை. கொரியா ஆட்டம். தைப்பூசமும் அன்னிக்குத்தாண்ணே."

ரெண்டு நாள் யாரும் யாரோடும் பேசவில்லை. அப்புறம் கோயிலுக்குப் போய்த் தலைவர் ஐயாவிடம் சொன்னோம். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "உங்க இஷ்டம்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு ரசீது புத்தகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அந்த 'உங்க இஷ்டம்' எப்படி இருக்கும் என்று அவரிடம் வாங்கியவர்களுக்குத் தெரியும். வெளியே வந்தால் ஒருத்தர் "சாமி குத்தம் ஆயிடும்" என்கிறார். இன்னொருத்தர் "முருகனை விட்டுட்டுப் பந்து பின்னாடி ஓடுறானுங்க" என்கிறார். எங்களுக்கும் உள்ளே அதே எண்ணம்தான். தம்பி தன் டிக்கெட்டை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டான்.

பந்தல் சமையலைப் பார்த்துக்கொள்ளும் அக்காதான் முடிவு சொன்னது. "அஞ்சு பேரும் போயிட்டு வாங்க. ஆனா ரெண்டு ராத்திரி வேலையை முடிச்சிட்டுப் போங்க. தொட்டி கழுவுறது, இஞ்சி, பச்சை மிளகாய் எல்லாம் உங்க தலையில. மோர் ஊத்துறதுக்கு நம்ம தேவார வகுப்புப் பிள்ளைங்க இருக்குதுங்க."

சொன்னபடி செய்தோம். இஞ்சி தோல் சீவிச் சீவி விரல் நுனியெல்லாம் எரிந்தது. அதற்குள் நம் குழு ஜோர்டானிடம் 0-4, பஹ்ரேனிடம் 0-1 என்று ரெண்டு ஆட்டத்தையும் தோற்றுப் போட்டியை விட்டே வெளியேறிவிட்டது. கொரியா ஆட்டம் நமக்கு வெறும் கணக்குக்கு. இதுக்கா தைப்பூசத்தை விட்டுட்டுப் போறீங்க என்று கேட்டவர்களுக்குச் சொல்ல எங்களிடம் பதிலே இல்லை. 23-ஆம் தேதி ராத்திரி ஜாலான் துன் எச். எஸ். லீ மகா மாரியம்மன் கோயிலில் இருந்து வெள்ளி ரதம் புறப்பட்டதைக் கும்பிட்டுவிட்டு, அப்படியே விமான நிலையத்துக்கு ஓடினோம்.

தோஹா நம்மைவிட ஐந்து மணி நேரம் பின்னால். பூசத்தன்று விடிகாலை மூன்று மணிக்கே ஐந்து பேருக்கும் முழிப்பு வந்துவிட்டது. இங்கே அப்போது காலை எட்டு, பந்தலில் கை ஓயாத நேரம். குளித்துவிட்டு, கையோடு கொண்டுபோன சின்ன வேலை மேசை மேல் வைத்து வாழைப்பழம் படைத்தோம். சூடம் ஏற்றவில்லை. தலைக்கு மேலே புகை அலாரம், அடித்தால் ஹோட்டலே கீழே இறங்கிவிடும். தெரிந்த பாட்டையெல்லாம் மெதுவான குரலில் பாடினோம். மூத்த அண்ணன் அழுதுவிட்டார். பக்கத்துத் தெருவில் ஒரு மலையாளி கடை இருந்தது, அங்கே புட்டும் கடலையும் சாப்பிட்டோம். பூசம் என்றதும் கடைக்காரர் எங்கள் தட்டில் இன்னும் ரெண்டு பழம் வைத்தார்.

ஆட்டம் அல் வக்ராவில், அல் ஜனூப் அரங்கம். மெட்ரோ சிவப்புத் தடத்தில் போய் இறங்கி, அங்கிருந்து பஸ். அந்தக் காலத்தில் முத்துக்குளிப்பும் மீன்பிடியும் நடந்த ஊராம் அது. அரங்கமும் பாய்மரப் படகு மாதிரிதான் கட்டியிருக்கிறார்கள். மஞ்சள் கறுப்புச் சட்டையும் நெற்றியில் பட்டையுமாக நாங்கள் வரிசையில் நின்றோம்.

சோதனை செய்கிற இடத்தில் தம்பியின் பையில் இருந்த திருநீற்றுப் பொட்டலத்தை ஒரு காவலர் கையில் எடுத்துப் பார்த்தார். வெள்ளைப் பொடி! எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் முகர்ந்து பார்த்தார். அப்புறம் எங்கள் நெற்றியைப் பார்த்தார். "திருநீறா அண்ணே? இன்னிக்குப் பூசமா?"

ராமநாதபுரம் பக்கத்துப் பையன், வயது இருபத்தைந்துகூட இருக்காது. வாரக் கணக்கில் வேலை, எந்தக் கிழமை என்றே மறந்துவிட்டதாம். அவன் அம்மா வருஷா வருஷம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர், இவன் வெளிநாடு வந்ததில் இருந்து இவனுக்காகவும் சேர்த்து நடக்கிறாராம். இதையெல்லாம் கையுறை போட்ட கையால் எங்கள் பைகளைத் தடவிக்கொண்டே, மேலதிகாரி பார்த்துவிடாமல், அரை நிமிஷத்தில் சொல்லி முடித்தான். பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இப்ப வேணாம்ணே, டூட்டில இருக்கேன். ஆட்டம் முடிஞ்சு வரும்போது ஒரு சிட்டிகை குடுத்துட்டுப் போங்க. இதே வாசல்லதான் இருப்பேன்" என்றான்.

ஆட்டத்தைப் பற்றி நாங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? உலகத் தரவரிசையில் அவர்கள் 23, நாம் 130. பயிற்றுநர் கிம் பான் கோன் தன் சொந்த நாட்டுக்கு எதிராக நம் பக்கம் நிற்கிறார். 21-ஆவது நிமிஷமே கொரியா கோல் போட்டுவிட்டது. 51-ல் பைசால் ஹலிம் கோல்கீப்பரை ஏமாற்றி, கம்பத்தின் பக்கவாட்டில் இருந்து தட்டிவிட்டார். 62-ல் அரிப் அய்மான் பெனால்டி. நாம் 2-1! அதே 2-1 என்று அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். 83-ல் அவர்கள் சமன் செய்தார்கள், கூடுதல் நேரத்தில் சோன் ஹியூங் மின் பெனால்டியில் 3-2. சரி, அவ்வளவுதான் என்று நினைத்தோம். 105-ஆவது நிமிஷம், ரோமெல் மொராலெஸ். 3-3. பக்கத்தில் இருந்த கிளந்தான்காரர், முன்பின் தெரியாதவர், எங்கள் தம்பியைத் தூக்கியே விட்டார். தம்பி வாயில் இருந்து வந்தது "அரோகரா!" அவர் அர்த்தம் கேட்கவில்லை, கூடச் சேர்ந்து கத்தினார்.

முடிந்து எல்லாரும் வெளியே போனபோது, அந்தக் கூட்டம் எங்களை வேறு வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. திரும்பப் போகக் கேட்டோம், தடுப்பு போட்டு இந்தப் பக்கம்தான் என்றார்கள். அரங்கத்தைச் சுற்றிக்கொண்டு அந்த வாசலுக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. அங்கே வேறு ஆட்கள். அந்தப் பையனின் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை. அவர்கள் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியாச்சு என்று ஒரு நேபாளக்காரர் கையைக் காட்டினார். திரும்பி வந்த மெட்ரோவில் பக்கத்துப் பெட்டியில் பாட்டும் கூத்துமாக இருந்தது. நாங்கள் ஐந்து பேரும் பேசாமல் நின்றுகொண்டு வந்தோம்.

ஊருக்கு வந்ததும் நேராகப் பந்தலுக்குத்தான் போனோம், கழற்றுகிற வேலையாவது இருக்குமே என்று. அக்கா கேட்ட முதல் கேள்வி: "ஜெயிச்சமா?"

"சமம் அக்கா."

"சமத்துக்கா இந்தப் பிள்ளைங்க அந்தக் குதி குதிச்சுதுங்க? ஒன்பதரை மணிக்கு உறுமி மேளமே நின்னு போச்சு. ஒரு பையன் கரண்டியைத் தொட்டிக்குள்ள போட்டுட்டான்."

மோர் குறைவில்லாமல் ஓடியிருக்கிறது. நாங்கள் இல்லாமலே ஓடும் என்பது கொஞ்சம் உறைக்கத்தான் செய்தது.

மே மாதம் பைசால் ஹலிம் மேல் அமிலம் வீசப்பட்டது எல்லாருக்கும் தெரியும். அந்த வெள்ளிக்கிழமை அவர் பெயரில் அர்ச்சனை சீட்டு எழுதியது நாங்கள்தான். நட்சத்திரம் என்ன என்று குருக்கள் கேட்டபோது விழித்தோம். அர்ச்சனைக்கு நாங்கள் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே தலைவர் ஐயா கட்டியிருந்தார். தோஹா பேச்சை அவர் இன்று வரை எடுத்ததில்லை.

அந்தப் பொட்டலம் இப்போது பந்தல் முருகன் படத்துக்குக் கீழே தட்டில் இருக்கிறது. பிரிக்கவில்லை. பாதயாத்திரை போகிற அந்த அம்மாவின் ஊரோ, அந்தத் தம்பியோ, இதைப் படிக்கிற யாருக்காவது தெரிந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள்.

இந்த வருஷ வேலைக்கு: பிப்ரவரி 9 ராத்திரி எட்டு மணிக்குத் தொட்டி கழுவ ஆள் வேண்டும். இஞ்சி சீவ ஐந்து பேர் ஏற்கெனவே இருக்கிறோம். கத்தி மட்டும் வீட்டில் இருந்து கொண்டு வாங்க, போன வருஷக் கத்தியெல்லாம் மழுங்கிப் போச்சு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.