பாப்பா வளர்ந்தாச்சு... பல்லாவரம் போலாமா?

ஒரு வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவு கிடைத்தால் என்ன பண்ணுவீர்கள்? முதல் ஷோவுக்குப் போவீர்கள், இல்லையென்றால் பன்னிரண்டு மணி வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவீர்கள். நான் பல்லாவரம் சந்தைக்குப் போனேன். வேடிக்கை பார்க்க இல்லை பாஸ், விற்க! கையில் என்னென்ன இருந்தது தெரியுமா? ஒரு ஸ்டாண்ட் தொட்டில், ஒரு ஸ்ட்ரோலர், ஒரு வாக்கர், மீன் மாதிரி இருக்கிற ஒரு குளியல் டப், கொசுவலைக் குடை, ஒரு சாக்குப்பை நிறைய கிலுகிலுப்பை.

எல்லாம் அக்கா பொண்ணுடையது. அவளுக்கு ரெண்டு வயசு தாண்டிவிட்டது. அக்கா வீட்டுக்காரருக்குக் கோவைக்கு மாற்றல். லாரிக்காரர் பரணை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரு ரேட் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தாள். "இதையெல்லாம் வித்துக் குடுடா, பாதி உனக்கு." எனக்கு மூணு அரியர். மூணுக்கும் சேர்த்து ஃபீஸ் 700 ரூபாய்க்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. அப்பாவிடம் கேட்டால் பணம் வரும், கூடவே வேறு பலதும் வரும். ஆகவே, சந்தை!

போனில் போட்டோ எடுத்துப் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போட்டுப் பார்த்தேன். பதினோரு பேர் "லாஸ்ட் ப்ரைஸ்?" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போனார்கள்.

துணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ரெண்டு மூட்டை இருந்தது. குல்லா, சாக்ஸ், நம் உள்ளங்கையைவிடச் சின்னதாக ஒரு பனியன். நான் தூக்கப் போனபோது அம்மா வந்து மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளை போட்ட துணியை முகம் தெரியாதவர்களுக்குக் காசுக்குக் கொடுக்கக்கூடாதாம். தெரிந்த வீட்டில் குழந்தை பிறந்தால் சும்மா கொடுக்கலாம். நம் ஊரில் பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி போடாமல் பழைய வேட்டியையோ பாட்டி சேலையையோ கிழித்துத்தானே சுற்றுகிறார்கள்? துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி. அதற்கு விலை கிடையாது என்பது அம்மாவின் கட்சி. பழைய துணிக்குப் பாத்திரம் போடும் அம்மாவும் அந்த மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத்துனூண்டு துணியை வச்சு நான் என்ன பண்றது? பேன்ட் இருக்கா?" என்றார். அதோடு துணி கதை முடிந்தது.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, அப்புறம் பல்லாவரம். மூணாவது ஸ்டாப். பீச் பக்கமிருந்து வருகிறவர்கள் திரிசூலம் தாண்டியதும் எழுந்து நின்றுகொள்ளுங்கள். நான் வெண்டர் பெட்டியில், கூடைக்கார அம்மாக்களுக்கு நடுவில் வாக்கரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் இருக்கிற ஒரு பட்டனைத் தட்டினால் இங்கிலீஷில் பாட்டுப் பாடும். தெரியாமல் தட்டிவிட்டேன். பெட்டியே திரும்பிப் பார்த்தது. உங்களுக்கும் இந்த மாதிரி சாமான் கொண்டுபோகிற நிலைமை வந்தால் முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

ஸ்டேஷனிலிருந்து யாரிடமும் வழி கேட்க வேண்டாம். கூட்டத்தின் முதுகைப் பிடித்துக்கொண்டே நடந்தால் பழைய டிரங்க் ரோடு. வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை மட்டும், அந்த ரோடே கடை. நூறு வருஷத்துக்கு மேல் பழைய சந்தை இது. மாட்டுச் சந்தையாகத்தான் ஆரம்பித்தது. இப்போது என்ன கிடைக்கிறது என்பதைவிட என்ன கிடைக்காது என்று சொல்வது சுலபம். டிஸ்ப்ளே உடைந்த செல்போன், டிஸ்ப்ளே மட்டும், சார்ஜர் மலை, ஒற்றைச் செருப்பு (சத்தியமாக!), மர பீரோ, மிக்ஸி ஜார், டாக்டர் வீட்டு நாற்காலி, ரோஜாச் செடி, லவ் பேர்ட்ஸ், முருங்கைக்காய், கருவாடு. நடுநடுவே மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் தலைக்கு மேல் அவ்வளவு தாழ்வாகப் போகும். புதுசாக வருகிறவர்கள் மட்டும்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். மற்றவர்கள் பேரத்தை அப்படியே நிறுத்திவைத்து, சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

இங்கே நீங்கள் பாட்டுக்குப் போய்த் துணியை விரித்து உட்கார்ந்துவிட முடியாது. ஒவ்வொரு அடி மண்ணுக்கும் ஒரு வாடிக்கையான ஆள் இருக்கிறார். மூணு இடத்தில் என்னைக் கிளப்பினார்கள். மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்தார். எல்லாவற்றுக்கும் சேர்த்து 500! தொட்டில் மட்டும் அக்கா 2,400-க்கு வாங்கியது. கடைசியில் பழைய பொம்மையும் சைக்கிளும் விற்கிற ஒரு பாய் தன் தார்ப்பாயில் ஒரு ஓரத்தை ஒதுக்கிக் கொடுத்தார். நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் அவருக்கு. "தம்பி, முதல் கஸ்டமரை மட்டும் திருப்பி அனுப்பாத. போணி நல்லா இருந்தா எல்லாம் போகும்" என்றார். அவர் சரக்கில் பாதி குழந்தைச் சாமான்தான். காரணமும் சொன்னார். டிவியைப் பத்து வருஷம் தேய்த்துவிட்டுத்தான் விற்கிறார்கள், குழந்தைச் சாமான் ஆறு மாசத்தில் வந்துவிடுகிறது. பிள்ளை வளர்ந்துவிடுகிறதே, சாமான் பழசாக எங்கே நேரம்?

போணி பண்ணியது ஒரு பாட்டி. மகளுக்குத் தலைப்பிரசவம். தூளி கட்டலாம்தான், ஆனால் குடியிருக்கிற வாடகை வீட்டில் கொக்கி இல்லை, ஹவுஸ் ஓனர் ஓட்டை போட விடமாட்டார். அதனால் ஸ்டாண்ட் தொட்டில். பாட்டி ஒவ்வொரு குழாயாகத் தட்டிப் பார்த்தார், ஸ்பிரிங்கை அழுத்திப் பார்த்தார், கொக்கியை முகர்ந்துகூடப் பார்த்தார். "ஆட்டிப் பாருங்க பாட்டி, சத்தமே வராது" என்று நான் ஆட்டப் போனேன். சுளீரென்று கையைத் தட்டிவிட்டார். வெறும் தொட்டிலை ஆட்டலாமா? அப்புறம் தன் பையிலிருந்து ஒரு பூசணிக்காயை எடுத்து, துண்டால் சுற்றி, தொட்டிலில் படுக்கவைத்து, மெதுவாக ஆட்டினார். நானும் பாயும் வாயை மூடிக்கொண்டு பார்த்தோம். சத்தம் வரவில்லை. 800 சொன்னேன், 400-ல் ஆரம்பித்து 600-ல் முடித்தார். பூசணிக்காயைத் தூக்கும்போது அதன் தலையைக் கையால் தாங்கித்தான் தூக்கினார். பழக்கம்!

ஸ்ட்ரோலர் 450. வாங்கியவர் குழந்தைக்காக வாங்கவில்லை, தண்ணீர் கேன் தள்ள வாங்கினார். டப் 80, குடை 50. பொம்மை மூட்டையை பாயே 100 கொடுத்து எடுத்துக்கொண்டார். கணக்குப் போடுங்கள்: 1,280. மனசுக்குள் ஒரு பேப்பர் கிளியர் ஆனமாதிரி இருந்தது. மிச்சம் வாக்கர் ஒன்றுதான். அதைத்தான் காலையிலிருந்து எல்லோரும் நின்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

பதினோரு மணி வெயிலில் ஒரு ஜோடி வந்தது. வடக்கே இருந்து வந்தவர்கள். அந்தப் பெண்ணுக்கு என் வயசுதான் இருக்கும். இடுப்பில் பத்து மாசக் குழந்தை. வாக்கரைப் பார்த்ததும் அது இடுப்பிலிருந்து குதித்தது. அந்தப் பெண் உடைந்த தமிழில் கேட்டார், "நல்லா இருக்கா?"

"சூப்பரா இருக்கும்க்கா!" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அந்த அண்ணன் பேரமே பேசவில்லை. 300 என்றதும் சட்டைப் பையில் கை விட்டார். சும்மா இருக்க வேண்டியதுதானே நான்? பேச்சுக்குக் கேட்டேன், எங்கே வேலை என்று. கட்டட வேலை. அங்கேயே தங்கியிருக்கிறார்கள். எத்தனாவது மாடி? விரலைக் காட்டினார். ரெண்டு. முடிக்காத கட்டடம். படிக்கட்டுக்குக் கைப்பிடி இருக்காது, கதவு இருக்காது.

இப்போது உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், அவர்களிடம் சொல்லாதது. அக்கா வீட்டு வாசலில் ரெண்டே ரெண்டு படி. பாப்பாவுக்கு ஒன்பது மாசம் இருக்கும்போது ஹாலில் வாக்கரில் விட்டுவிட்டு நான் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் படியில் தலைகீழாகக் கிடந்தாள். நெற்றியில் மூணு தையல். அன்றைக்கு ராத்திரி அக்கா தூங்காமல் போனில் தேடித் தேடிப் படித்தாள். கனடாவில் 2004-லேயே இந்தச் சக்கர வாக்கரை விற்கத் தடை போட்டுவிட்டார்கள். வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கிறவர்கள்கூட அங்கே இதை விற்கக்கூடாது. அமெரிக்காவில் 1990-லிருந்து 2014 வரைக்கும் வாக்கரால் அடிபட்டு எமர்ஜென்சிக்கு வந்த குழந்தைகள் ரெண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல். அதில் முக்கால்வாசிப் பேர் படியில் உருண்டவர்கள். சக்கரம் இருப்பதால் ஒரே நொடியில் மூணு அடிக்கு மேல் போய்விடும், பக்கத்திலேயே நின்றாலும் பிடிக்க முடியாது. நடை சீக்கிரம் வரும் என்றுதான் வாங்குகிறோம், அதுவும் வராதாம். மறுநாளே வாக்கர் பரணுக்குப் போனது. "அதையும் எடுத்துட்டுப் போடா, என் கண்ணுலயே படக்கூடாது" என்று அக்கா சொன்னபோது, வாங்குகிற வீட்டிலும் ஒரு படி இருக்கும் என்று அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

அந்த அண்ணன் நூறு ரூபாய் நோட்டு மூணை எண்ணி நீட்டினார். எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. "இல்லண்ணே... லாக் உடைஞ்சிருக்கு, குடுக்க முடியாது" என்றேன். லாக் நன்றாகத்தான் இருந்தது. பாய் என்னை முறைத்தார். அந்தப் பெண் லாக்கைத் தானே அழுத்திப் பார்த்தார். வேலை செய்தது. என் முகத்தைப் பார்த்தார். அவர்களுக்குக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை என்று நினைத்திருப்பார் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. அவசரமாகக் கையை ஆட்டி, படி, விழும், தலை, தையல் என்று அபிநயம் பிடித்தேன். அவருக்குப் புரிந்ததா, தெரியாது. நாலு கடை தள்ளி ஒரு மர நடைவண்டி இருந்தது. மூணு சக்கரம் வைத்து, குழந்தை பின்னால் நின்று தள்ளுமே, அது. குழந்தை தன் காலில் நின்றால்தான் அது நகரும். அதைக் கைகாட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். அது அவர்கள் ஊரிலும் இருக்கிறதாம். இது மாதிரி வேணும், பாட்டுப் பாடுவது. வேலை செய்கிற கட்டடங்களில், குடிவந்த வீடுகளில் பார்த்திருப்பார்.

அவர்கள் போனதும் பாய் பிடித்துக்கொண்டார். "நீ குடுக்கலைன்னா இன்னொருத்தன் குடுப்பான். உனக்கு முன்னூறு நஷ்டம், எனக்கு முப்பது நஷ்டம். அவங்களுக்கு என்ன லாபம்?" பதில் சொல்லத் தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தார்.

அரை மணி கழித்து அந்த ஜோடி கூட்டத்தில் திரும்பி வந்தது. அண்ணன் தலையில் ஒரு நீல வாக்கர். 250-க்கு வாங்கினாராம், பாயிடம் அவரே சொன்னார். அந்தப் பெண் என்னைப் பார்க்காத மாதிரி போனார். குழந்தை மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தது.

என் வாக்கரைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறவா, வழியில் விட்டுவிட்டுப் போகவா? விட்டால் அடுத்த நிமிஷம் இன்னொரு தார்ப்பாயில் ஏறிவிடும், அது பல்லாவரம்! ரோட்டின் கடைசியில் சக்கரம் மட்டும் விற்கிற ஒருவர் இருக்கிறார். சூட்கேஸ் சக்கரம், ஆபீஸ் நாற்காலிச் சக்கரம், தள்ளுவண்டிச் சக்கரம், வகைவகையாகக் கம்பியில் கோத்து வைத்திருப்பார். அவரிடம் ஸ்க்ரூடிரைவர் கேட்டேன். ஆறு சக்கரத்தையும் கழற்றினோம். சக்கரம் போனபிறகு வாக்கர் என்பது துணி தொங்குகிற ஒரு பிளாஸ்டிக் வளையம், அவ்வளவுதான். அதைக் காயலான் கடைக்காரர் எடை பார்க்காமலே பதினைந்து ரூபாய்க்குத் தூக்கி மூட்டையில் போட்டார்.

சக்கரத்துக்கு அறுபது கொடுத்தார். ஒன்றை விரலில் மாட்டிச் சுழற்றிவிட்டு, நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா ஓடியிருக்கு போல" என்றார். இல்லைண்ணே, மூணு மாசம்தான் என்றேன்.