ஓசை பிறந்த இடம்

மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது, காப்பியத்தைப் பற்றியோ இலக்கணத்தைப் பற்றியோ நான் எழுதித் தருவேன் என்று மாணவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் எழுத முற்படுவதோ ஒரு விளையாட்டுக் காரின் கியர்பாக்ஸைப் பற்றி. ஓசையைப் பற்றிய ஆராய்ச்சி இதிலும் உண்டு என்பதால் துறைத்தலைவர் பொறுத்தருள்வார் என நம்புகிறேன்.

1986ஆம் ஆண்டு, நான் மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, வாப்பா தம்மாமிலிருந்து விடுமுறையில் வந்தார்கள். அவர்களுடைய பெட்டியில் சோப்புக் கட்டிகளுக்கும் கோடாலித் தைலத்திற்கும் இடையே பெரிய அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. ஜப்பானின் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனம் 1984இல் வெளியிட்ட ‘ஹார்னெட்’ என்னும் ரிமோட் கார் அது. அந்நிறுவனம் 1976இல் போர்ஷே 934 என்னும் காரின் சிறு வடிவத்தைக் கொண்டு இத்துறையில் கால்வைத்தது. இக்கார்கள் கடையில் வாங்கியவுடன் ஓடுபவை அல்ல. உறுப்புகளாகவே வரும், வாங்கியவரே பூட்டிக்கொள்ள வேண்டும். ரேடியோக் கருவியும் 7.2 வோல்ட் பேட்டரியும் தனி. வாப்பாவுக்குக் கிடைத்த விடுமுறை 45 நாள்கள். அவற்றுள் நான்கு இரவுகளை இந்தக் காருக்கு ஈந்தார்கள். திருகாணிகளைத் தேநீர்த் தட்டில் ஏந்திக்கொண்டு அருகில் அமர்ந்திருப்பது என் பணி.

ஹார்னெட்டின் பின்புறத்தில் மோட்டாரும் பற்சக்கரங்களும் அச்சும் ஒரே பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடங்கியிருக்கும். மோட்டாரின் நுனியில் இருக்கும் சிறு பற்சக்கரம் பினியன். அது இடைச்சக்கரத்தைச் சுழற்றும். இடைச்சக்கரம் டிஃபரன்ஷியலைச் சூழ்ந்த பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றும். வளைவில் திரும்பும்போது இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிசெய்வது அந்த டிஃபரன்ஷியலே. அன்று இதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “மணலில் மட்டும் ஓட்டிவிடாதே” என்று வாப்பா சொன்னது மட்டும் விளங்கிற்று.

எங்கள் ஊரோ கடற்கரை ஊர். வாப்பா தம்மாமுக்குத் திரும்பிய பிறகு, 1987இல் ஒரு மாலை, காரைக் கடற்கரைக்கு எடுத்துச் சென்றேன். அரைமணி நேரம் அது பறந்தது. பிறகு கரகரவென்று ஓர் ஓசை கிளம்பியது. உம்மாவுக்கு அஞ்சி, மைநிரப்பியில் தேங்காய் எண்ணெயை எடுத்துப் பெட்டியின் இடுக்கு வழியே விட்டேன். இரண்டு நாள் ஓசை அடங்கியிருந்தது. மூன்றாம் நாள் முன்னிலும் மிகுந்து எழுந்தது. செய்தித்தாளில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டேன். 1988இல் வாப்பா வந்து கேட்டபோது, “பேட்டரி செத்துவிட்டது” என்றேன். அதுவும் பாதி உண்மைதான். அவர்கள் மேற்கொண்டு கேட்கவில்லை.

2024இல் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அப்பொதி பரணிலிருந்து இறங்கியது. என் மகன் புதிய பேட்டரி வாங்கி, துருவேறிய மின்தொடர்புகளைத் தேய்த்துத் துடைத்து, காரை ஓடச் செய்துவிட்டான். கார் ஓடிற்று, ஓசையும் கூடவே ஓடிற்று.

வாப்பாவுக்கு அப்போது 78 வயது. தம்மாமில் ஜெனரேட்டர் பழுதுபார்க்கும் பட்டறையில் கழித்த ஆண்டுகள் அவர்களுடைய செவியைப் பெரும்பாலும் கொண்டுபோய்விட்டன. காது மிஷின் மேசை அறையிலேயே கிடக்கும். எங்கள் முகங்களைப் பார்த்தே ஏதோ கோளாறு என்று அறிந்து, “என்ன சத்தம் வருது?” என்று கேட்டார்கள்.

இரட்டைக்கிளவியை ஆராய்ந்து எம்.ஃபில். பட்டம் பெற்றவன் நான். குறிப்பேட்டை எடுத்து, ‘கரகர’ என்று பெருமிதத்தோடு எழுதிக் காட்டினேன். வாப்பா படித்துவிட்டுத் தலையசைத்தார்கள். “இது பத்தாது. எப்போ வருது? நேரே ஓடும்போதா, திரும்பும்போதா? மோட்டாரை நிறுத்தின பிறகும் வருதா? ஒரு சுத்துக்கு எத்தனை தடவை?”

எழுத்து எந்தெந்த இடத்தில் பிறக்கிறது என்று ஆராயப் பிறப்பியல் என ஓர் இயலையே வகுத்தவர் தொல்காப்பியர். அதை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகின்ற எனக்கு, ஓர் ஓசையைக் கேட்டவுடன் அது பிறக்கும் இடத்தைக் கேட்கத் தோன்றவில்லை. வாப்பா சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன். வேகம் கூட்டும்போது மட்டும் வீறிட்டால் பற்கள் ஒன்றையொன்று மிக நெருங்கியிருக்கின்றன. கடகடவென்று தளர்ந்து ஒலித்தால் இடைவெளி மிகுதி. திரும்பும்போது மட்டும் வந்தால் டிஃபரன்ஷியலின் உள்ளே பார்க்க வேண்டும். கையால் சுழற்றும்போது உறுமினால் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கும். சீராக விட்டுவிட்டு ‘டக்’ என்று வந்தால், ஏதோ ஒரு சக்கரத்தின் ஒரு பல்லில் மட்டும் குறை. எந்தச் சக்கரம் என்பதை எண்ணிக்கைதான் சொல்லும்.

முதலில் மோட்டாரைக் கழற்றித் தனியே ஓட்டினோம். அது தூய்மையாகப் பாடிற்று. பின்னர், மோட்டார் இல்லாத பெட்டியின் ஒரு சக்கரத்தை வாப்பா இறுகப் பிடித்துக்கொண்டு, மற்றொன்றைச் சுழற்றச் சொன்னார்கள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்றது. இரண்டு விரலையும் ஒரு விரலையும் காட்டினேன். “பெரிய பல்சக்கரம்” என்றார்கள் உடனே. ஒரு பக்கத்தைப் பிடித்து நிறுத்தினால், மறுபக்கம் இரண்டு சுற்றுச் சுற்றும்போதுதான் டிஃபரன்ஷியலைச் சூழ்ந்த சக்கரம் ஒரு சுற்றை முடிக்கும் என்பது கணக்கு. சொல்லும்போதே அவர்களுடைய ஆள்காட்டி விரல் பெட்டியின் மேல் இருந்தது. எனக்குக் காதில் விழுந்தது அவர்களுக்கு விரலில் விழுந்துகொண்டிருந்தது.

திறக்கும்போது ஒரு சிறு தொல்லை. ஜப்பானியத் திருகாணிகளின் கூட்டல்குறிப் பள்ளம் நம் கடைகளில் கிடைக்கும் பிலிப்ஸ் திருப்புளிக்குச் சரியாகப் பொருந்தாது. வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஒன்றைக் கெடுத்தேன். அதற்குரிய திருப்புளி வந்து சேரும்வரை வாப்பா என்னைத் தொடவிடவில்லை.

ஒரு வாரம் கழித்து, அஸர் தொழுகைக்குப் பின், பெட்டி இரண்டாகப் பிரிந்தது. உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பும் கறுப்புமாக ஒரு பிசின். மணலும் எண்ணெயும் சேர்ந்து அரைத்து, அலுமினியப் பினியனின் பற்களைக் கத்திமுனை போலக் கூராக்கியிருந்தன. பெரிய சக்கரத்தின் இரு பற்களுக்கு நடுவே வெள்ளை மணல்மணி ஒன்று கல் பதித்தாற்போல் உட்கார்ந்திருந்தது.

வாப்பா அதை ஊசியால் நெம்பி விரல்நுனியில் எடுத்துப் பார்த்தார்கள். பிறகு பெட்டியை மூக்கருகே கொண்டுபோனார்கள். “தேங்காய் எண்ணெய்” என்றார்கள்.

நான் தலையசைத்தேன். நாற்பத்தாறு வயதில், என் மகனுக்கு முன்னால்.

“அப்பவே தெரியும். 88ல வந்தப்ப பரண்ல எடுத்து மோந்து பார்த்தேன்.”

‘ஏன் கேட்கவில்லை?’ என்று குறிப்பேட்டில் எழுதிக் காட்டினேன்.

“நாப்பத்தஞ்சு நாள்தானே லீவு” என்று சொல்லிவிட்டு, பழைய பல்துலக்கி ஒன்றைக் கேட்டார்கள்.

அதன் பின் நிகழ்ந்தவை எளிய வேலைகள். பெட்ரோல் சில பிளாஸ்டிக்குகளைக் கெடுக்கும் என்பதால் சோப்புத் தண்ணீரிலேயே எல்லாவற்றையும் கழுவினோம். ஹார்னெட் 2004இல் மீண்டும் வெளியிடப்பட்டதால் உறுப்புகள் கிடைக்கின்றன. என் அறியாமையால் முதலில் வரவழைத்த பினியன் பொருந்தவில்லை. பல்லின் பருமனுக்கு மாட்யூல் என்று ஓர் அளவு உண்டு. சக்கரத்தின் பல் ஈடுபடும் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அது வரும். இப்பழைய காருக்கு 0.8, நான் வாங்கியதோ பிற்காலக் கார்களுக்குரிய 0.6. பற்களை எண்ணிவிட்டுப் பருமனைப் பாராமல் விட்டிருந்தேன். மாற்றி வாங்கினோம், இம்முறை எஃகில். கிரீஸை மெல்லியதாகத் தடவினால் போதும் என்றார்கள் வாப்பா. அள்ளி அப்பினால் ஓசை அடங்கிவிடும், குறை உள்ளேயே இருக்கும். நான் எண்ணெய் விட்டுச் செய்ததும் அதுதானே.

பெரிய சக்கரத்தில் மணல்மணி இருந்த இடத்தில், பல்லின் ஓரத்தில் சிறு பள்ளம் விழுந்திருந்தது. அதையும் மாற்றிவிடலாம் என்றான் மகன். வாப்பா கண்ணாடியை உயர்த்திப் பார்த்து, அடியில் விரிசல் இல்லை, இருக்கட்டும் என்றார்கள். பெட்டியை மூடி, மோட்டாரைப் பூட்டி, சக்கரங்கள் தரையில் படாதபடி காரை ஒரு புத்தகத்தின் மேல் வைத்து மெதுவாக ஓடவிட்டோம். கரகரப்பு போய்விட்டது. மிகவும் உற்றுக் கேட்டால் மட்டும் மெல்லிய ஒரு ‘டக்’ இருந்தது. அதை எழுதிக் காட்டலாமா என்று நான் குறிப்பேட்டைத் தேடுவதற்குள், வாப்பா விரலைப் பெட்டியின் மேல் வைத்து, உதடு அசைய எண்ணத் தொடங்கியிருந்தார்கள்.