தலையணைக்கடியில் ஒரு நாவல்

இளைய மகளின் தலையணைக்கடியில் காதல் நாவலொன்றைக் கண்டபோது நமக்குச் சினமே முந்தியது. ஆயினும், படியாத நூலைப் பழிப்பது முறையன்று எனத் தெளிந்து, "வாம்மா, சேர்ந்தே வாசிப்போம்" என்றோம்.

இஷாத் தொழுகைக்குப் பின் நாளுக்கோர் அத்தியாயம். கதைத் தலைவனின் முரட்டுத்தனத்தையும் காதலென்றே கொண்டாடியது கதை. நாம் குறை கூறுமுன் மகளே நிறுத்தினாள்: "இவளுடைய சம்மதத்தை ஒருவருமே கேட்கவில்லையே, வாப்பா?"

நாம் தலைகுனிந்தோம். பெண்ணின் சம்மதத்தைக் கேட்குமாறு நபிமொழி பணித்திருக்க, மூத்தவளின் நிக்காஹை உறுதிசெய்த பின்னரன்றோ அவளுக்கு அறிவித்தோம்! அவள் ஒப்பம் வெறும் சடங்காயிற்று.

நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் 'காதலா? கடமையா?' நாவல் 1938-இல் வெளிவந்தது. நம் சமூகப் பெண்மணி ஒருவர் அன்றே நூலின் தலைப்பில் எழுதிய சொல்லை, நம் இல்லத்தில் இன்றுவரை உச்சரிக்கவும் அஞ்சினோம்.

அன்றிரவே மூத்தவளைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கோரினோம். நெடுநேரம் மௌனம். பின்னர், "தங்கச்சியைக் கேட்டுச் செய்யுங்கள், வாப்பா" என்றாள்.

நாவலில் இன்னும் சில அத்தியாயங்கள் எஞ்சியுள்ளன. வாசித்து முடிப்போம், இன்ஷா அல்லாஹ்.