திரிசூலத்தில் ஏறி சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கினாள்

மிச்சிகன், ஜூன்

அன்புள்ள தங்கச்சிக்கு,

பெரியவளின் பள்ளி நிறைவு விருந்து எப்படி நடந்தது என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய். நாலு போட்டோவை அனுப்பிவிட்டுத் தப்பித்துக்கொண்டேன். வரும் மார்ச்சில் உன் பையன் பிளஸ் டூ எழுதப்போகிறானே, அதனால் இப்போது விவரமாக எழுதுகிறேன்.

இங்கே இதற்கு ‘ஓப்பன் ஹவுஸ்’ என்று பெயர். மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் பள்ளியில் பட்டமளிப்பு நடக்கும். நீள அங்கி, தலையில் சதுரத் தொப்பி. சான்றிதழ் கொடுத்து முடித்ததும் தொப்பியின் குஞ்சத்தை எல்லாரும் வலப்பக்கமிருந்து இடப்பக்கம் தள்ளிக்கொள்வார்கள். அவ்வளவுதான், பள்ளி முடிந்தது. அதையொட்டிய சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வீடு விருந்து. பந்தி கிடையாது, முகூர்த்தமும் கிடையாது. ‘2 மணி முதல் 5 மணி வரை’ என்று அழைப்பில் போட்டால் நடுவில் எப்போதும் வரலாம், போகலாம். பிள்ளைகள் ஒரே நாளில் மூன்று வீடு ஏறி இறங்குவதால் எங்கேயும் வயிறு முட்டச் சாப்பிடுவதில்லை. கார் நிறுத்தும் கராஜைக் கழுவி மேசை போட்டால் அதுவே மண்டபம். மழை பயம் இருப்பவர்கள் இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து ஒரே பந்தலை வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள். வருகிறவர்கள் வாழ்த்து அட்டைக்குள் பணம் வைத்துக் கொடுப்பார்கள். நம் மொய்தான், ஆனால் திருப்பி வைக்க வேண்டியதில்லை. அதற்குப் பதில் பிள்ளை தன் கையால் ஒவ்வொருவருக்கும் நன்றிக் கடிதம் எழுத வேண்டும்.

எல்லாரும் வைக்கிற போட்டோப் பலகையை நாமும் வைப்பானேன் என்று யோசித்தபோது நம் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஞாபகம் வந்தது. விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். பல்லாவரத்தை ஒன்றாக வைத்தால், நம் காலத்துக் கணக்கில் நம் ஊர் சிங்கப்பெருமாள் கோவில் பன்னிரண்டாவது ஸ்டேஷன்! மஞ்சள் அட்டை வாங்கி, கறுப்பு மையில் பெயர்ப்பலகைகள் எழுதினோம். வகுப்புக்கு ஒரு ஸ்டேஷன், ஒவ்வொன்றின் கீழும் அந்த வருஷத்துப் போட்டோக்கள். கிண்டர்கார்டனுக்குத் திரிசூலம், விமான நிலையத்துக்கு எதிரே அல்லவா இருக்கிறது! பல்லாவரம் ஒன்றாம் வகுப்பு, குரோம்பேட்டை இரண்டு. அவள் கை முறிந்து மாவுக்கட்டோடு திரிந்த மூன்றாம் வகுப்பு தானாகவே சானடோரியத்தில் வந்து விழுந்தது. ஆறாம் வகுப்பு வண்டலூர். அந்த வருஷத்துச் சேட்டைகளுக்கு மிருகக்காட்சி சாலையைவிடப் பொருத்தமான இடம் ஏது? பத்து காட்டாங்கொளத்தூர், பதினொன்று மறைமலை நகர், பன்னிரண்டு சிங்கப்பெருமாள் கோவில். மேசையில் ட்ரெயின் பலகாரம்தான்: சமோசா, முறுக்கு, பேப்பர் பொட்டலத்தில் சுண்டல். நடுவில் நீ அனுப்பிய ஆரஞ்சு மிட்டாய் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய.

அவளுடைய பள்ளிப் பேருந்தை ஓட்டிய அம்மாளையும் அழைத்திருந்தாள். அவர் பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கூடுவாஞ்சேரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். எட்டாம் வகுப்பில்தான் இவள் அந்தப் பேருந்தில் ஏற ஆரம்பித்தாள்.

மூன்று மணி நேரத்தில் வந்தவர்கள் எல்லாரும் ‘அடுத்து என்ன?’ என்று கேட்டார்கள். ‘மார்க் எவ்வளவு?’ என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

என் பிளஸ் டூ ரிசல்ட் நாள் உனக்கு நினைவிருக்கிறதா? பரீட்சைக்கு முன் அம்மா ஹால் டிக்கெட்டை நரசிம்மர் சந்நிதியில் வைத்து வாங்கினாள். அர்ச்சகர் திருநாமத்தை விலக்கி மூன்றாவது கண்ணைக் காட்டினார். என் கெமிஸ்ட்ரி பேப்பர் அந்தக் கண்ணுக்கு அப்போதே தெரிந்திருக்கும். மே மாதம் மாலைப் பேப்பரில் என் நம்பர் வந்துவிட்டது, பாஸ். நான் குதித்தேன். அப்பா, “மார்க் தெரியட்டும், அப்புறம் ஸ்வீட் வாங்கலாம்” என்றார். மார்க் தெரிந்தபின் வந்தது ஆரஞ்சு மிட்டாய். அதே நாளில் பக்கத்து வீட்டிலிருந்து நமக்கு மைசூர்பாகு வந்தது. பன்னிரண்டு வருஷம் பள்ளிக்குப் போய்வந்ததற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மைசூர்பாகின் மேல் எனக்கு இப்போது கோபமில்லை. ஆனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். பரீட்சை மார்ச்சில் முடியும், ரிசல்ட் மே மாதம். இடையில் ஒரு ஏப்ரல் மாலை இருக்கிறதே, விருந்தை அன்றைக்கு வை. மார்க் வந்தபிறகு வைத்தால் அது மார்க்குக்கு வைத்த விருந்தாகிவிடும். ரேங்க் பட்டியல் போடுவதை அரசே 2017-இல் நிறுத்திவிட்டது, நம் சொந்தக்காரர்கள்தான் இன்னும் நிறுத்தவில்லை.

செலவு அதிகம் வேண்டாம், மொட்டை மாடி போதும். கடைசிப் பரீட்சை அன்று பையன்கள் சட்டையில் மையடித்துக்கொண்டு வருவார்களே, அதற்குப் பதில் பழைய யூனிஃபார்ம் சட்டை ஒன்றைத் துவைத்து, தேய்த்து, கொடிக்கயிற்றில் மாட்டு. பக்கத்தில் மார்க்கர் பேனா வை. வருகிறவர்கள் எல்லாரும் அதில் ஒரு வரி எழுதட்டும். பிளஸ் ஒன்னில் கொடுத்த இலவச சைக்கிளை வாசலில் நிறுத்தி ஒரு முழம் பூச் சுற்று. மாங்காய்ப் பத்தையும் உப்பு மிளகாய்த்தூளும் இருந்தாலே பையன்களுக்குப் பாதி விருந்து முடிந்த மாதிரி. ஷேர் ஆட்டோக்காரர், டியூஷன் டீச்சர், சின்ன வகுப்பில் சோறு போட்ட சத்துணவு ஆயா எல்லாரையும் கூப்பிடு. பரிமாறும் வேலை அவனுடையது. நன்றிக் கடிதம் எழுதச் சொன்னால் ஓடிவிடுவான், தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

விருந்தன்று வீடியோவில் பலகைகளை எல்லாம் அம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாய்ப் படித்தவள், கடைசியில், “ஏண்டி, வண்டி நம்ம ஊரோட நின்னுடுச்சா? அடுத்தது பரனூர் எங்கே?” என்றாள்.

“அங்கேதானேம்மா டோல்கேட் இருக்கு” என்றேன். “ஆகஸ்ட்ல காலேஜ் ஃபீஸ் கட்டணும்.”

அன்புடன்,
அக்கா