வெயிட் மறந்த குக்கர்

அட்லாண்டா பக்கம் குடியிருக்கும் தமிழர் வீடுகளில் பெரும்பாலும் ஒரு கைத்தராசு இருக்கும். கொக்கியில் பெட்டியை மாட்டித் தூக்கினால் எண் காட்டும் சின்னத் தராசு. சென்னை விமானத்துக்குப் பெட்டிக்கு 23 கிலோ என்றால், 22.9-இல் கொண்டுவந்து நிறுத்தத் தெரிந்தவர்கள் நம் ஆட்கள். ஒரு ஷாம்பு பாட்டிலை எடுத்துவிட்டு இரண்டு சாக்லேட் பொட்டலத்தைச் செருகி, மறுபடி தூக்கிப் பார்த்து, கடைசி நூறு கிராமுக்கும் ஒரு சாமான் கண்டுபிடிக்கும் அந்தக் கைத்திறன்மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. ஆனால் அதற்குள் ஒரு பழக்கமும் இருக்கிறது: எவ்வளவு இடமோ அவ்வளவையும் நிரப்பியே ஆகவேண்டும். அதே பழக்கம் மலைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு ஏப்ரல் மாதச் சனிக்கிழமை, ஊடி கேப் கார் நிறுத்தத்தில் பார்த்தேன்.

ஜார்ஜியாவின் வடகோடி மலைகளில் ஒரு சாலைக் கணவாய், ஊடி கேப். அப்பலாச்சியன் டிரெயில் அந்தச் சாலையைக் குறுக்கே கடந்து போகிறது. ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி 14 மாநிலங்களைக் கடந்து மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலையில் முடியும், ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் நடைபாதை. நாங்கள் நடக்க நினைத்தது அதில் ஒரு துணுக்கு: ஊடி கேப்பிலிருந்து நீல் கேப் வரை, வழியில் ஓர் இரவு. எங்களோடு ஒரு மதுரைக்காரக் குடும்பம். கணவன், மனைவி, பதினாலு வயசுப் பையன்.

கணவர் 65 லிட்டர் முதுகுப்பை வாங்கியிருந்தார். 65 லிட்டர் இருக்கும்போது 40 லிட்டருக்குச் சாமான் வைப்பது அவர் வீட்டு வழக்கத்தில் இல்லை. தோட்டத்து விருந்துகளுக்கு விரிக்கிற ஆறு பேர் கூடாரம், ஒரு மடக்கு நாற்காலி, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு டஜன், இரண்டு ஜீன்ஸ், வீட்டுக் கட்டில் தலையணை, குற்றாலத்துக்குக் கொண்டுபோகிற மாதிரி ஒரு பெரிய துண்டு. எல்லாவற்றுக்கும் நடுவில், பழைய துணியில் சுற்றி, ஒரு மூன்று லிட்டர் பிரஷர் குக்கர். பையனுக்குத் தராசு நினைவு வந்து காரிலிருந்து எடுத்து மாட்டினான். 23.4 காட்டியது.

“நானூறு கிராம்தானே அண்ணே, கவுன்ட்டர்ல விட்டுருவாங்க” என்றார் அவர். கார் நிறுத்தத்தில் நின்ற எல்லோரும் சிரித்தோம். அவர் மனைவிதான் முதலில் சிரிப்பை நிறுத்தினார்: “ஏங்க, இதை யாருங்க தூக்குறது?”

உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் முதுகில் ஏற்றாதே என்பது இந்தப் பாதையில் நடப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. நாற்காலியும் தலையணையும் ஒரு ஜீன்ஸும் காருக்குத் திரும்பின. தண்ணீர் பாட்டில்களில் இரண்டைத் தவிர மற்றதையும் எடுக்கச் சொன்னேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, நாங்கள் தங்கப்போவது லான்ஸ் க்ரீக் என்கிற ஓடைக்கரையில், வடிகட்டி என்னிடம் இருந்தது. குக்கரைத் தொட்டேன். “அதை விடுங்கண்ணே, பருப்பு வேகணும்ல” என்றார் அந்த அம்மா. அந்தக் குரலுக்குமேல் பேச ஒன்றுமில்லை.

அப்போது காட்டிலிருந்து ஒரு வயதானவர் இறங்கி வந்தார். தலைமுதல் கால்வரை இலை நிறத்துணி, தோளில் உறையிட்ட துப்பாக்கி, இடுப்புக்குப் பின்னால் மரத்தடியில் போட்டு உட்காரும் மெத்தை தொங்கியது. ஏப்ரல், ஜார்ஜியாவில் வான்கோழி வேட்டைக் காலம். வணக்கம் சொன்னவர் பையனைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பையன் தலையில் அட்லாண்டா பேஸ்பால் அணியின் தொப்பி: நீலத் தொப்பி, சிவப்பு விளிம்பு, நடுவில் வெள்ளை எழுத்து. “தம்பி, அதைக் கழற்றிப் பைக்குள் வை” என்றார் கண்டிப்பாக. இணை தேடும் பருவத்தில் காட்டு வான்கோழிச் சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாகத்தான் இருக்குமாம். வேட்டைக்காரன் புதருக்குள் தேடிக்கொண்டிருப்பதும் அந்த மூன்று நிறங்களைத்தான். வேட்டைக் காலத்தில் காட்டுக்குள் வருகிறவர்கள் அவற்றை உடுத்தக்கூடாது என்பது வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் சொல்லித்தரும் பாடம். வீட்டில் மூட்டை கட்டும்போது கிராமைப் பற்றிக் கவலைப்படுகிறோம். நிறத்தைப் பற்றி யார் நினைக்கிறார்கள்? பையனுக்கு என் ஆரஞ்சு நிறத் தொப்பியைக் கொடுத்தேன்.

பெரியவர் பையன் பயந்துவிட்டதைக் கண்டு, அவன் மனம் மாறட்டும் என்று தன் கதை ஒன்றைச் சொன்னார். ஒரு வருஷம் விடிவதற்குமுன் இருட்டில் இரண்டு மணி நேரம் மலையேறி, மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, துப்பாக்கியில் போடத் தோட்டாவை எடுத்தால் அத்தனையும் மஞ்சள். துப்பாக்கியோ 12 கேஜ். மஞ்சள் தோட்டா 20 கேஜ், அதைவிடச் சிறியது. அது வீட்டில் மனைவியின் துப்பாக்கிக்கு வாங்கி வைத்தது. 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பதே, யாரும் தெரியாமல் 12 கேஜ் குழலில் போட்டுவிடக்கூடாது என்பதற்காக. அது உள்ளே நழுவிச் சிக்கிக்கொள்ள, பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்துவிடும். சுட வழியில்லை. வந்ததற்கு வான்கோழி மாதிரிக் குரல் கொடுத்தாவது பார்ப்போம் என்று, அந்தக் குரலை எழுப்பும் பெட்டியைத் தேய்த்திருக்கிறார். “என் வாழ்நாளில் நான் பார்த்ததிலேயே பெரிய சேவல், பத்தடி தூரத்தில் வந்து நின்று இறகை விரித்தது” என்று கைகளை அகல விரித்துக் காட்டினார். பையன் அன்று முழுக்க அந்தச் சேவலைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தான்.

லான்ஸ் க்ரீக் ஆறு கிலோமீட்டர்தான். மாலை நாலு மணிக்கே கூடாரம் போட்டாயிற்று. அங்கே மெய்ன் வரைக்கும் நடக்கக் கிளம்பிய ஓர் இளைஞன், கல்லூரி முடித்து நேராக வந்தவன், தன் பையைப் பிரித்துக்கொண்டிருந்தான். கண்ணாடி ஜாடியில் கடலை வெண்ணெய், அட்டை கட்டிய பருமனான நாவல், ஒரு கைக்கோடாரி. கோடாரி எதற்கு என்று கேட்டேன். கடையில் பட்டியலில் இருந்தது என்றான்.

குக்கர் வெளியே வந்தது. பருப்பு, அரிசி, மஞ்சள்தூள், தண்ணீர் எல்லாம் போட்டு மூடியாயிற்று. உள்ளங்கையளவு கேஸ் அடுப்பின் மேல் அந்தக் குக்கர் உட்கார்ந்ததே ஆபத்தான காட்சி. நாலு பக்கமும் கல் வைத்து முட்டுக் கொடுத்தோம். நீராவி புஸ்ஸென்று வந்தது. அந்த அம்மா துணி மூட்டைக்குள் கைவிட்டார். கை நின்றது. பையின் பக்கவாட்டு அறைகளைத் தடவினார். கணவரின் பையைக் கவிழ்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “வெயிட்டு சிங்க்ல கழுவி வச்சேன். அங்கனயே இருக்கு.”

இரண்டு கிலோ பாத்திரம் மலையேறி வந்திருக்கிறது; அதைக் குக்கராக்கும் நூறு கிராம் சமாச்சாரம் சிங்க் ஓரத்தில் காய்ந்துகொண்டிருக்கிறது. அவர் முதலில் தலையில் கைவைத்தார், பிறகு வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கணவர் கண்ணில் நீர் வர, தரையில் உட்கார்ந்து சிரித்தார். கேஸ் பாதியில் தீர்ந்தது. பருப்பு கல்லாகவே இருந்தது. அன்று இரவு எங்களைக் காப்பாற்றியது, “எதுக்கும் இருக்கட்டும்” என்று அந்த அம்மா கடைசியாகச் செருகியிருந்த புளிக்காய்ச்சலும் சப்பாத்தியும்தான். அந்த இளைஞனும் எங்களோடு உட்கார்ந்து விரலை நக்கிச் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்து, பற்பசை உட்பட வாசனையுள்ள எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி உயரக் கிளையில் தொங்கவிட்டோம். கருங்கரடிகள் உள்ள காடு அது. அங்கிருந்து சற்றுத் தூரத்தில் உள்ள ஜாரார்ட் கேப்பிலிருந்து நீல் கேப் வரை மார்ச் 1 முதல் ஜூன் 1 வரை இரவு தங்குகிறவர்கள் கரடி திறக்க முடியாத டப்பா வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

நான் அன்று படுத்துக்கொண்டே யோசித்தது இதைத்தான். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற நம் ஊர்க்காரர்கள் தோளில் ஒரு பை, ஒரு துண்டு, அதற்குமேல் என்ன சுமக்கிறார்கள்? ஊறுகாயும் புளியோதரையும் கட்டி அனுப்பிய கைகளுக்குத் தெரியாத மூட்டைக் கணக்கா? இந்தக் குடும்பத்திலேயே அந்த அறிவு இருக்கிறது. அந்நிய மலை என்றதும் அதை ஓரமாக வைத்துவிட்டு விமான நிலையக் கணக்கை எடுத்துக்கொண்டோம்.

இதே பாதையில் 1955-இல் ஒஹையோவிலிருந்து வந்த எம்மா கேட்வுட் நடந்தார். வயது 67. பதினோரு பிள்ளை பெற்றவர். தானே தைத்த ஒரு துணிப்பை, ராணுவக் கம்பளி, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை, காலில் கெட்ஸ் கான்வாஸ் காலணி. கூடாரம் இல்லை, தூங்கும் பை இல்லை. அவ்வளவோடு கட்டாடின் வரை போய்ச் சேர்ந்தார். பாதை முழுவதையும் ஒரே பருவத்தில் தனியாக நடந்து முடித்த முதல் பெண் அவர். பண்ணை வேலையில் உடம்பு கற்றதை நம்பி மூட்டை கட்டியவர்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. 1909-இல் தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனபோது சுமார் 60 புத்தகங்களைப் பன்றித்தோலில் கட்டிக் கொண்டுபோனார். மொத்தம் ஒரு சுமைக்காரர் தூக்கும் எடை. வாசிப்பின்மேல் அவருக்கிருந்த பசியை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த நூலகம் நடந்தது அவர் கால்களில் இல்லை. அதிகச் சாமான் சிரிப்பாக இருப்பது, கட்டியவரே சுமக்கும்வரைக்கும்தான்.

மறுநாள் பிளட் மலை. 1,359 மீட்டர், அப்பலாச்சியன் டிரெயில் ஜார்ஜியாவில் தொடும் உயரமான இடம். பாதி ஏறும்போதே மழை பிடித்தது, காற்றும் சேர்ந்துகொண்டது. மதுரைக்காரரின் ஜீன்ஸ் நனைந்து இரட்டிப்பு எடையானது. முட்டிக்குக் கீழே ஒட்டிக்கொண்டு காலை மடக்க விடவில்லை. உச்சியிலுள்ள பழைய கல் கட்டடத்துக்குள் போய் ஒதுங்கியபோது அவருக்குப் பல் தந்தியடித்தது, பேச்சு குழறியது. இங்கே யாரும் சிரிக்கவில்லை. பருத்தி நம் ஊர் வெயிலுக்குத் தெய்வம். குளிர்மழையில் தண்ணீரைப் பிடித்துவைத்து உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பத்து டிகிரி குளிரிலும்கூட நனைந்த மனிதன் விறைத்துப்போகலாம். ஈரத்தைக் கழற்றி என்னுடைய கம்பளிச் சட்டையையும் கால்சட்டையையும் மாட்டிவிட்டோம். எங்களோடு வந்த இளைஞன் ஒரு பெரிய குப்பைப் பையை எடுத்து, தலைக்கு ஒன்று கைக்கு இரண்டு என மூன்று ஓட்டை போட்டு அவர்மேல் கவிழ்த்தான். ஐம்பது கிராம்கூட இருக்காது. அந்த இரண்டு நாளில் நான் பார்த்த சாமான்களில் ஆகச் சிறந்தது அதுதான்.

அரை மணியில் அவருக்குச் சூடு திரும்பியது. பாறை வழியாக இறங்கி மதியம் நீல் கேப் சேர்ந்தோம். 1930-களின் பொருளாதார மந்த காலத்தில் வேலையில்லா இளைஞர்களைக் கொண்டு அரசு கட்டிய கல் கட்டடம் அங்கே இருக்கிறது. பாதையே அதன் நடுவாசல் வழியாகப் போகிறது. உள்ளே மலைச்சாமான் கடை. ஸ்பிரிங்கரிலிருந்து 50 கிலோமீட்டர் நடந்து, முதுகு வலியோடு வருகிறவர்கள் பையை அங்கே தரையில் கொட்டுவார்கள். கடை ஊழியர் உட்கார்ந்து எது வேண்டும், எது வீட்டுக்குத் தபாலில் போகட்டும் என்று பிரித்துத் தருவார். வெளியே மரக்கிளைகளில் பழைய பூட்ஸ்கள் காய்த்துத் தொங்கின.

இளைஞனின் மூட்டையும் பிரிந்தது. கோடாரி தபாலுக்கு. நாவல் தபாலுக்கு. கடலை வெண்ணெய் ஜாடியிலிருந்து பிளாஸ்டிக் பைக்கு. எடை குறையக் குறைய அவனுக்கு வேகம் பிடித்து, கனமான குளிர்ச்சட்டையையும் கம்பளிக் குல்லாவையும் தபால் பக்கம் தள்ளினான். கடைப்பெண் இரண்டையும் எடுத்துத் திரும்பவும் அவன் பைக்குள் வைத்தார். முன்னே ஸ்மோக்கி மலைகள் இருக்கின்றன. பாதையிலேயே உயரமான குவோஹி சிகரம், 2,025 மீட்டர், அங்கேதான். ஏப்ரலிலும் அங்கே பனி விழும். முதல் வாரத்தில் நிறையச் சுமந்து அவதிப்பட்டவர்கள் மூன்றாவது வாரத்தில் சட்டையில்லாமல் நடுங்குவதை வருஷா வருஷம் பார்க்கிறோம் என்றார்.

கோடாரி இருந்த இடம் பையில் காலியாக இருந்தது. மதுரைக்கார அம்மா மிச்சமிருந்த புளிக்காய்ச்சல் பொட்டலத்தை எடுத்து அவனிடம் நீட்டினார். எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டான். எண்ணெய் மேலே மிதக்கிற வரைக்கும் கெடாது, ஈரக்கை மட்டும் படக்கூடாது என்று சொல்லச் சொன்னார், மொழிபெயர்த்தேன். “சோறு ஆறின பிறகுதான் கலக்கணும், அதையும் சொல்லுங்கண்ணே” என்றார். அதையும் சொன்னேன். மலையில் தனக்குச் சோறு ஆறுவது ஒரு பிரச்சினையே இல்லை என்றான் அவன்.